நாற்பது பேராக இருந்த ஜெராக்ஸ்காரர்

“நீ பேசற பொண்ணு பாப்பா. இது கேக்கற படிப்பு. உனக்கு என்னாத்துக்கு?”

பயன்பாட்டு உளவியல் முதுகலையில் நான் சேர்ந்த வாரம், என் சான்றிதழ்களை நகலெடுத்தபடி இப்படிச் சொன்னவர், ஓசூரில் எங்கள் கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். தமிழ்நாட்டு எல்லையில் அவரைவிட அதிகம் சோதிக்கப்பட்ட மனித மனம் வேறு கிடையாது. மாணவர்களுக்கு அவர் ‘சப்ஜெக்ட் அண்ணன்’.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சும்மா விடுவேனா? நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் பதில் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னதற்கு நானே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது பிறகுதான் உறைத்தது.

உளவியல் செய்முறை வகுப்பில் ஒவ்வொரு சோதனைக்கும் வெளியாள் ஒருவரை அழைத்து வந்து உட்கார வைக்க வேண்டும். அவர்தான் சப்ஜெக்ட். ஓசூரில் அப்படி ஒரு ஆள் கிடைப்பது சுலபமில்லை. பாதிப் பேர் ஷிப்டில் இருப்பார்கள், மீதிப் பேர் ஷிப்டு முடிந்து தூங்குவார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்குப் படிவத்தோடு போனால், யானைச் சேதம் கணக்கெடுக்க வந்தவள் என்று நேராக ராகிக் கொல்லைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். பதற்றத்தை அளக்கும் படிவத்தை நீட்டியபோது என் அப்பாவே, “மூணு ஆனைன்னு போட்டுக்கோம்மா” என்றார்.

ஆகவே எல்லோருக்கும் ஜெராக்ஸ்காரரே கதி. அவரும் சலிக்காமல் வந்தார். ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் அவர் முப்பது வயது தச்சர். அடுத்த பக்கம் இருபத்திரண்டு வயது இல்லத்தரசி. எங்கள் வகுப்பின் நோட்டுகளில் மட்டும் நாற்பது பேராக வாழ்ந்துகொண்டிருந்தார். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் சோதனையில் மற்றவர்கள் திணறுவார்கள். அவர் கடைக்கு வந்த வாடிக்கையாளரைத் திட்டிக்கொண்டே வரைவார். “இந்த வட்டாரத்து மக்களின் கைத்திறன் ஆச்சரியமானது” என்று ஒரு பேராசிரியர் கருத்தரங்கில் கட்டுரையே படித்தார்.

ஆளுமைச் சோதனை என்றால் முதலிலேயே கேட்டுக்கொள்வார். “இன்னிக்கு நான் கூச்சப்படறவனா, கலகலன்னு இருக்கறவனா? மொதல்லயே சொல்லிடு பாப்பா. பாதியில மாத்துனா கணக்கு ஒதைக்கும்.” தமிழ்ப் படிவத்தில் அவர் தைரியசாலி, கன்னடப் படிவத்தில் பயந்தாங்கொள்ளி. தெலுங்கில் மட்டும் யாரும் படிவம் தயாரிக்கவில்லை. அது அவர் வீட்டில் பேசும் மொழி.

இறுதித் தேர்வு வந்தது. வெளியூர்த் தேர்வாளர் முன்னால் ஒருவரோடு இருபது நிமிடம் பேசி, அவர் மனதில் இருப்பதை வெளிக்கொண்டுவர வேண்டும். தவறினால் பட்டம் இல்லை. மகள் படித்து முடித்துவிட்டாள் என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நான் ஏற்பாடு செய்திருந்த கம்பெனிப் பெண்ணுக்கு அன்று காலையில் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். நான் எழுதி வைத்திருந்த முப்பது கேள்விகளோடு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன்.

“அண்ணா, ஒடனே வாங்க.”

“தூக்கம் வராதவனா வரட்டா? குடிகாரன் வேணும்னா தாடி வளக்கணும். நீ போன வாரமே சொல்லியிருக்கணும்.”

“ஏதோ ஒண்ணா வாங்கண்ணா.”

வேலைப் பளுவில் நொந்த மேனேஜராக வந்து உட்கார்ந்தார். ஐந்தாவது நிமிடம் சரியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேர்வாளர் அம்மா கொட்டாவியை அடக்கினார். நினைவிலிருந்த கேள்விகள் தீர்ந்துபோய், அடுத்ததற்காகக் காகிதத்தைத் தேடினேன். இல்லை. அவசரத்தில் அவருடைய மிஷின் மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றும் வரவில்லை.

நான் கேட்டால்தான் அவருக்கு அடுத்த வசனம். என்னையே பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிடம் போயிருக்கும். மேனேஜர் மெல்ல மெல்லக் கழன்று விழுந்தார். பிறகு அவர் தெலுங்கில் பேசினார். எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் புரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் காலேஜ் கேட்டாளாம். இவர் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாராம். பத்து மாதமாக அவள் இவரோடு பேசுவதில்லையாம். சொல்லிவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை கண்ணைத் துடைக்கவில்லை.

எனக்கு அப்போதும் பேச்சு வரவில்லை. வந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

“சைலன்ஸ நல்லா யூஸ் பண்ணீங்க. எங்க கத்துக்கிட்டீங்க?” என்றார் தேர்வாளர் அம்மா. ஜெராக்ஸ் மிஷின் மேல் என்று எப்படிச் சொல்வது? முதல் வகுப்பில் தேறினேன்.

இதையெல்லாம் அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரையும் போட்டோவையும் போடச் சொன்னார். மறுத்துவிட்டேன்.

போன மாதம் முனைவர் பட்ட விண்ணப்பத்தை நகலெடுக்கப் போனேன். எனக்கு முன்னால் கம்பெனிச் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். மூக்கு அப்படியே அவருடையது. தபால்வழி இளங்கலை விண்ணப்பத்தை நீட்டி, முகத்தைப் பார்க்காமல், “ரெண்டு காப்பி” என்றாள். அவர் ஐந்து எடுத்தார். “உன்னுத அப்பறம் பாப்பா” என்றார் என்னிடம். நான் பேசாமல் நின்றேன்.

அவள் போனபின் என் விண்ணப்பத்தை வாங்கிப் படித்தார்.

“ஆராய்ச்சிக்கு எத்தன ஆளு வேணும்?”

“இருநூறு பேருண்ணா.”

கொஞ்சம் யோசித்தார். “பண்ணிடலாம்.”

விண்ணப்பம் அன்றைக்கே தபாலில் போய்விட்டது. அந்த இருநூறு பேரை நான் வேறெங்காவது தேடிக்கொள்கிறேன். அவர் இனி ஒரே ஆளாக இருந்தால் போதும்.