குள்ளச் செடிகளின் குலம் பற்றித் தம்பி மகளுக்கு

நிறையப் படித்துவிட்ட என் தம்பி மகளுக்கு, எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்ட பெரியப்பா எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சுகம். உன் சுகத்தை விசாரிப்பது முறை, விசாரித்ததாக வைத்துக்கொள்.

உன் கட்டுரை வந்தது. மூன்றாவது பெயராக என்னைப் போட்டு, அச்சுக்குப் போவதற்குள் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறாய். போட மாட்டேன். கிழக்கு மலைக்கு முப்பத்தொரு வருடம், வடத்தில் தொங்கிப் போகும் கம்பிவண்டி ஓட்டியவன் நான். அடிவாரத்தில் இடுப்பு உயரம் நிற்கும் வெள்ளைப்பூச் செடி, உச்சியில் விரல் உயரம்தான். எதிரே மேற்கு மலையிலும் அதே கதை. உச்சிக் குள்ளர்கள் இருவரும் ஒரே குலம், விதை காற்றில் மலை விட்டு மலை தாவியது என்று நீ பிறப்பதற்கு முன்பே நோட்டில் எழுதியவன் நான். வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய விதையை இந்தக் கையால் துடைத்திருக்கிறேன். நீயோ, அந்தந்த மலையின் நெட்டைச் செடிதான் மேலே ஏறிக் குளிருக்குப் பயந்து தனித்தனியே குள்ளமாயிற்று, மரபணுவில் ஆளுக்கொரு வழி, வந்து சேர்ந்த உருவம் மட்டும் ஒன்று என்கிறாய். இரண்டு பேர் கலந்து பேசாமல் ஒரே பொய்யைச் சொல்வார்களா?

கீழ்மண்ணிலும் குள்ளம் குள்ளமாகவே நிற்கிறதா என்று பார்க்க நாற்பது தொட்டிகளை என் கொல்லையில் வைத்துவிட்டுப் போனாய். கிழக்குக் குள்ளனுக்குப் பக்கத்தில் கிழக்கு நெட்டையன்! யார் அடுக்கினார்களோ என்று தலையில் அடித்துக்கொண்டு, எந்தச் செடி எந்த மலை என்று எழுதிச் செருகியிருந்த சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, உயரப்படி ஒழுங்காக அடுக்கினேன். நன்றி சொல்வாய் என்று பார்த்தால், போனில் ஒப்பாரி.

"பெரியப்பா, சீட்டை ஏன் புடுங்குனீங்க?"

"கண்ணு இருக்கறவனுக்குச் சீட்டு எதுக்கும்மா?"

"போச்சு! என் மூணு வருஷ உழைப்பு போச்சு!"

போகவில்லையே. ஆளுக்கொரு இலையைக் கிள்ளிக்கொண்டு போய், நாற்பதையும் எந்த மலை என்று உன் இயந்திரம் பிரித்துவிட்டதாம், புதுச் சீட்டும் செருகிவிட்டாய். கிழக்குக் குள்ளனுக்குக் கிழக்கு நெட்டையன்தான் பங்காளியாம். மேற்குக் குள்ளன் யாரோ எவனோவாம். குள்ளனும் நெட்டையனும் ஒரு வீட்டுப் பிள்ளைகளா என்று நான் சிரித்தபோது, உன் பெரியம்மா அடுப்படியிலிருந்து கேட்கிறாள்: "உங்க தம்பி நிலைப்படியில தலையை இடிச்சுக்கறாரு, நீங்க மேல்தட்டுக்கு முக்காலி போடறீங்க. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறக்கலையா? முடி வெட்டறவரு உங்க உசரம்தான், அவரு என்ன உங்க சித்தப்பா மகனா?" நாற்பது வருடமாக இவளோடு பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. கொல்லைக்குப் போய்விட்டேன்.

அங்கேதான் உனக்கு ஆப்பு வைத்தேன். கிழக்குக் குள்ளனின் மகரந்தத்தை மேற்குக் குள்ளனின் பூவில் பஞ்சால் தடவி, வேறு எதுவும் தொடாமல் துணி கட்டி, விதை எடுத்து விதைத்திருக்கிறேன். ஒரே குலமானால் பிள்ளைகள் அத்தனையும் குள்ளமாகத்தான் பிறக்கவேண்டும். இன்றைக்குப் பதினெட்டு நாற்றுகள், ஒவ்வொன்றும் நகத்தளவு. பார்க்கப் பார்க்கக் கண் நிறைகிறது. மரியாதையாகக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொள். இல்லாவிட்டால் பதினெட்டையும் கூடையில் வைத்துக்கொண்டு உன் பேராசிரியர் மேசைக்கே வருவேன்.

தம்பிக்கு என் ஆசி. குனிந்து நடக்கச் சொல். நீ தீர்க்காயுசாக இரு, கொஞ்சம் புத்தியோடும் இரு.

இப்படிக்கு,
மாறாத உன் பெரியப்பா

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் ஐந்து வாரம் மேசையிலேயே கிடந்துவிட்டது. நாற்றுகள் முழங்காலைத் தாண்டிவிட்டன. வெயில் போதாமல் வெளிச்சம் தேடி நீண்டுவிட்டன என்று வெளியே வைத்தேன், இன்னும் வளர்ந்தன. உரத்தை நிறுத்தினேன், அதற்கும் வளர்ந்தன. பதினெட்டும் உன் அப்பனைப் போல நெட்டை. ஒரு குள்ளனிடம் கெட்டுப்போனது மற்றவனிடம் நன்றாக இருந்திருக்கிறது, பிள்ளைகள் இரண்டு பக்கத்து நல்லதையும் வாங்கிக்கொண்டன. இரண்டு பேருக்கும் கோளாறு வேறு வேறு இடத்தில். இதைத்தான் நீ சொன்னாய் என்கிறாள் உன் பெரியம்மா. நீ சொன்னாய், நிரூபித்தது யார்? கையெழுத்து உள்ளே இருக்கிறது. என் பெயரை முதலில் போடு.