முழங்கை வாத்தியார் இருந்த பத்தியம்

தென்காசியில் ஒருவர் முகத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளாமல் ஊர் முழுவதையும் அறிந்து வைத்திருந்தவர் முழங்கை வாத்தியார் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்துவார். எதிரே வருகிறவர் தாசில்தாராகவே இருந்தாலும், சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைத் தடவிப் பார்த்த பிறகுதான் வணக்கம் சொல்வார். சொரசொரத்தால், நல்லெண்ணெய் போதாது என்று தீர்ப்பு. தினமும் காலையில் ஒரு கரண்டி நல்லெண்ணெயைக் காப்பி மாதிரி ரசித்துக் குடிக்கிற மனிதர் வேறென்ன சொல்வார்?

யுத்தத்துக்கு முந்திய காலம். என் மகள் கைக்குழந்தை. தாய்ப்பால் வற்றிப்போனதால் ஆடை நீக்கித் தண்ணீர் கலந்த பால்தான் ஆகாரம். உடம்பெல்லாம் செதில் செதிலாக உரிந்தது. இது கரப்பான் நோய் என்று சொன்ன வைத்தியர், உள்ளேயும் வெளியேயும் எண்ணெயே படக்கூடாது என்று பத்தியம் வைத்தார். குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவித் தண்ணீரை வண்டியில் கொண்டுவந்து குளிப்பாட்டினோம். குறையவில்லை. பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

விஷயம் கேள்விப்பட்டு வாத்தியார் வந்தார். பிள்ளையின் முழங்கையைத் தொடப்போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"உடம்பு என்னெல்லாமோ தானே உண்டாக்கிக்கிடும் வே. தோலுக்கு வேண்டிய ஒரு கொழுப்ப மட்டும் அதுக்குச் செய்யத் தெரியாது. தின்னாத்தான் உண்டு. நல்லெண்ணெயில அது தாராளமா கெடக்கு."

சீமையில் கொழுப்பில்லாமல் வளர்த்த எலிகளுக்கு வால் உரிந்துபோன கதையையும் சொன்னார்.

"எம் பிள்ள எலியா சார்வாள்?" என்றாள் என் மனைவி செண்பகம்.

வைத்தியர் பேச்சை மீறி ஏதாவது ஆகிவிட்டால்? மீறாமலே பிள்ளை போய்விட்டால்? செண்பகம் பிள்ளையை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வாத்தியாரிடம் திரும்பினாள்.

"எண்ணெய் குடுக்கேன். ஆனா வச்ச பத்தியத்த யாராவது இருந்தாகணும். இவ தேறுத வரைக்கும் இவளுக்குப் பதிலா நீங்க இருங்க."

எண்ணெய் இல்லாவிட்டால் மனிதன் உரிந்துபோவான் என்று ஊரெல்லாம் பயமுறுத்தியவர், சரி என்று தலையாட்டினார்.

பிள்ளைக்குப் பாலில் சில சொட்டு, உடம்பில் ஒரு பூச்சு. வாத்தியாருக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் போயிற்று. இட்லிக்கு மிளகாய்ப்பொடியை மோரில் குழைத்துத் தின்றாராம். பரிமாறிய ஓட்டல்காரர் கண்கலங்கிவிட்டார். சாயங்காலமானால் எங்கள் வாசலில் நின்று, எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்பார். உள்ளே வரப் பயம். நாளாக ஆக, செண்பகம் பதில் சொல்வதையும் நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒருநாள் பிள்ளையின் காதுக்குப் பின்னால் கொஞ்சம் புதுத்தோல் தெரிந்தது. அது மெல்லக் கழுத்துக்கு இறங்கியது. உடம்பு மழமழவென்று ஆனதும் வாத்தியாரை உள்ளே கூப்பிட்டோம். பிள்ளை அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். செண்பகம் பார்த்ததோ அவர் முழங்கையை. வெளுத்து வெடித்திருந்தது.

"பத்தியம் முடிஞ்சிட்டு சார்வாள்" என்று எண்ணெய்க் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் விரலில் தொட்டு முதலில் பிள்ளையின் முழங்கையில்தான் தடவினார்.

அவர் போய் வெகுகாலமாகிறது. இன்றும் எதிரே யார் வந்தாலும் என் கண் முகத்துக்குப் போவதில்லை; வெடித்த ஒரு முழங்கையைத்தான் தேடுகிறது.