பின்னறையில் உம் கொட்டுகிறவர்

மதிப்பிற்குரிய எல்ஸி அக்கா அவர்களுக்கு, உங்கள் தாப்பா வீட்டில் குடியிருக்கும் பழனியப்பன் பணிவோடு எழுதுவது. ஈப்போவில் நீங்களும் மகள் ட்ரேசியும் சுகம்தானே? இங்கே நான், விமலா, மகள் புனிதா மூவரும் நலம். பின்னறையில் இருப்பவரும் நலம் என்றே தெரிகிறது. விஷயமே அதுதான்.

வருகிற திங்கள் புனிதாவுக்கு ஆங்கிலச் சோதனை. இரண்டு முறை கோட்டை விட்டாள். இந்தத் தடவையும் போனால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு முழுக்குதான். பிள்ளைக்குக் கமாதான் எமன், தாளிதத்தில் கடுகு போடுகிற மாதிரி அள்ளிப் போடுவாள். "சத்தமா வாசிச்சுப் பாரும்மா, வாக்கியம் எங்க பிரியுதுன்னு தெரியும்" என்று டியூசன் டீச்சர் சொல்ல, இவளும் மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தாள். கமா வரவேண்டிய இடத்தில் பின்னறையிலிருந்து "ம்" என்று ஒரு குரல். கதை கேட்கிறவர்கள் உம் கொட்டுவார்களே, அதேதான். விமலா என்று நான் நினைத்தேன், நான் என்று விமலா நினைத்தாள், அப்புறம் பார்த்தா ரெண்டு பேரும் அடுப்படியில ஒண்ணாத்தான் நிக்கிறோம். போய்ப் பார்த்தா ஈ காக்கா இல்ல. மறைந்த உங்க வீட்டுக்காரர் கஸ்பார் அண்ணனோட நாற்காலி மட்டும் கிடக்கு, தொட்டா சூடா இருக்கு. "காலம் பூரா நான் பேசினேன், மனுசன் உம் மட்டும்தான் கொட்டினாரு"ன்னு சாவி கொடுத்தப்போ சொல்லிச் சிரிச்சீங்களே. நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல.

விமலா போனில் அழுததைக் கேட்டு, சனிக்கிழமை பாதரைக் கூட்டி வந்து ஜெபம் பண்ணப் போவதாகச் சொன்னீர்கள். ஐயோ, வேண்டாம்! இந்தப் பிள்ளை பயப்படவே இல்ல. "சும்மா இருங்க லா, அப்பா, அவரு உம் கொட்டின இடத்துல கமா போட்டேன், டீச்சர் எல்லாத்தையும் சரின்னுட்டாங்க"ங்குது. "சோதனை மண்டபத்துக்கும் அவரைக் கூட்டிட்டா போவே?"ன்னு விமலா கேட்டா, அடுத்த பக்கத்தைத் திருப்பி வாசிக்குது. இருந்தாலும் கால்ல விழுந்து கேக்கிறேன், திங்கள் தாண்டட்டும். பிறகு எந்தத் தண்ணியை வேணும்னாலும் தெளிங்க.

எங்கள் முருகனும் உங்கள் மாதாவும் இரு வீட்டாருக்கும் துணையிருக்கட்டும்.

தங்கள் குடித்தனக்காரன்,
பழனியப்பன்

பி.கு.: உறையில் போடுமுன் இதைச் சத்தமாக வாசித்தேன். உங்கள் பெயரைச் சொன்னதும் "ம்" வரவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "எல்ஸி, வந்துட்டியா?" என்று கேட்டார். புனிதா பேனாவை மூடிவிட்டாள். "அவரு என் பாடத்தைக் கேக்கலப்பா. அவங்க பேச்சுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்காரு, பாவம். கமாவை நானே பாத்துக்கிறேன், அவங்களை வரச் சொல்லுங்க" என்றாள். ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. பாதர் வேண்டாம், திங்கள் வரை காத்திருக்கவும் வேண்டாம். நீங்க மட்டும் வாங்கக்கா. வந்து ஏதாச்சும் பேசுங்க.