ஒரு படம், மூன்று செய்தி

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்திரிகையில் என் பெயரோடு வந்த முதல் படம், நானே ஏற்பாடு செய்த போராட்டத்தின் படம். (போராடியவர்களில் பாதிப்பேர் என் மாமியார் வீட்டு ஆட்கள்.)

அப்போது நான் ஒரு நாளிதழுக்குக் கொல்லிமலையின் பகுதி நேர நிருபர். மிடுக்கு மட்டும் முழு நேரம். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் குளிக்கும்போதுதான் கழற்றுவேன். அந்த அட்டைக்கே ஆபத்து வந்தது. நாமக்கல்லிலிருந்து பொறுப்பாசிரியர் போன் செய்தார்.

"ஏப்பா, மலையில ஒண்ணுமே நடக்கறதில்லையா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு போராட்டப் படம் வரலீன்னா அட்டையத் திருப்பிக் குடுத்துரு."

அந்த வாரம் பார்த்து மலையில் யாருக்கும் கோபமே இல்லை. மிளகு நல்ல விலைக்குப் போயிருந்தது. யோசித்ததில், மலையிலேயே வாழவந்தி நாடு என்கிற பகுதியில் இருக்கும் என் மாமியார் ஊர் ஞாபகம் வந்தது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஊருக்குப் போகும் மண் ரோட்டில் எப்போதும் ஊற்றுத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். எந்த வண்டியும் உள்ளே வராது. சேற்று ரோட்டில் நாற்று நடும் போராட்டப் படத்தை எந்தப் பத்திரிகையும் வேண்டாமென்று சொன்னதில்லை. ரோடு மோசம் என்பது நிஜம்தானே, நான் அதற்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்கிறேன், அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"நாலு நாத்து நட்டாப் போதுங்க அத்தை. படம் எடுத்ததும் புடுங்கிப் போட்டுரலாம்" என்றேன் மாமியாரிடம்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நட்டதைப் புடுங்கறதாங்க? நாத்தங்கால்ல நாத்து மீந்துதான் கெடக்குது. நட்டா ஒழுங்கா நட்டுருவோம் மாப்ளைங்க."

பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். முதலில் சேற்றை மிதித்துச் சமன் செய்தார்கள். மாமனார் இரண்டு பக்கமும் வரப்புக் கட்டினார். (போராட்டத்துக்கு வரப்பு எதற்கு என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.) கொஞ்சம் கோபமாகப் பாருங்கள் என்று கெஞ்சினேன்.

"எதுக்குங்க கோவம்? வரிசை நேராத்தான வருது" என்றார் அத்தை.

நல்லவேளையாக மேகம் விலகி வெயில் கண்ணில் அடித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள். அதைப் பிடித்துவிட்டேன்.

மறுநாள் மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து முதல் பஸ்ஸில் பேப்பர் கட்டு ஏறி வந்தது. 'சாலை கேட்டுக் கொந்தளித்த மலைவாழ் பெண்கள்.' ஓட்டுக் கேட்டு இனி யாரும் ஊருக்குள் வரக்கூடாது என்று அத்தை எச்சரித்ததாகவும் எழுதியிருந்தேன். என் மனைவி அதைப் படித்துக் காட்டியபோது அத்தை திகைத்துப் போனார்.

"இத நான் எப்பங்க சொன்னேன்?"

"பொதுவா அப்படித்தாங்க அத்தை போடுவோம்" என்றேன்.

என் கெட்ட நேரம், செய்தி பலித்துவிட்டது. ஒரே மாதத்தில் ரோடு போட உத்தரவு வந்து, ஒரு பொறியாளர் ஜல்லி லாரியோடு வந்து நின்றார். ரோட்டில் பயிர் முழங்கால் உயரம் நின்றது. லாரிக்கு முன்னால் ஊரே நின்றது.

"பச்சைப் பயிர் மேல ஜல்லியக் கொட்டுவீங்களா? அறுத்ததும் வாங்க" என்றார் அத்தை.

"நீங்கதானம்மா ரோடு கேட்டுப் போராடினீங்க?"

"நாங்க எங்கீங்க போராடினோம்? எங்க மாப்ள நடச் சொன்னாரு, நட்டோம்."

பொறியாளர், கூட்டத்தோடு நின்றிருந்த என் கழுத்தில் இருந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு லாரியைத் திருப்பச் சொன்னார். ஜல்லி பக்கத்து ஊருக்குப் போய்விட்டது.

வேலை போனால் போகட்டும் என்று பொறுப்பாசிரியரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "'சாலைப் பணியைத் தடுத்த கிராம மக்கள்'னு எழுதி அனுப்பு. படம் பழசே இருக்கட்டும். அதுலயும் கோவமாத்தான இருக்காங்க."

அதே படம் மறுபடி வந்தது. அதோடு விட்டார்களா? விவசாயப் பக்கத்தில் இடம் காலியாக இருந்ததாம், யாரையும் கேட்காமல் மூன்றாம் முறையும் போட்டார்கள். 'கொல்லிமலையில் நெல் நடவுப் பணி தீவிரம்.' அன்று அந்த ரோட்டில் அறுவடை நடந்துகொண்டிருந்தது.

அந்த மழைக்காலத்தில் அத்தைக்குக் கடுங்காய்ச்சல். நாற்காலியில் உட்கார வைத்து, அந்தச் சேற்றில் பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம். நாற்காலியின் ஒரு காலை நான் பிடித்தேன். அந்தக் காய்ச்சலிலும் அத்தை, "பாத்துக் கால வைங்க மாப்ளைங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுவாரம் அட்டையை நானே திருப்பிக் கொடுத்தேன். ரோடு வர இரண்டு வருஷம் ஆயிற்று.

இன்றைக்கும் அத்தை வீட்டுச் சுவரில் மூன்று செய்தியும் கண்ணாடி போட்டுத் தொங்குகின்றன. வருகிறவர்களிடம் அத்தை பொறுமையாக விளக்குவார். "மூணாவதுதாங்க நெசம். வாரதுக்குத்தான் கொஞ்சம் லேட்டாயிருச்சு."

வீட்டுக்குத் தாமதமாகப் போய் நான் காரணம் சொன்னால் என் மனைவி கேட்பது ஒரே கேள்விதான்: "இது எத்தனாவது செய்திங்க?" போன வாரம், நடந்ததை நடந்தபடியே ஒரு கட்டுரையாக எழுதப் போகிறேன் என்று சொன்னேன். அதே கேள்வியைக் கேட்டாள்.

"மூணாவது" என்றேன்.

"அப்படின்னா படம் மட்டும் குடுத்துராதீங்க."