பந்தலுக்கு மேலே வரவிருந்த நட்சத்திரம்

நான் பொய் பேசுகிறவன் இல்லை. நடக்கப்போவதைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிடுவேன், அவ்வளவுதான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிய காலத்திலேயே, "இது என் மில்லு" என்றுதான் சொல்லித் திரிந்தேன். சிரித்தார்கள். இன்றைக்குப் பாபநாசத்தில் அந்த மில் என்னுடையது. பக்கத்து மில்லும் என்னுடையது. (பக்கத்து மில் இன்னும் பத்திரம் ஆகவில்லை. ஆகிவிடும்.)

அப்படிப்பட்ட வாய் ஒரு சனிக்கிழமை என்னைத் தலைகுனிய வைத்தது. அதுவும் பெற்ற மகள் எதிரில்.

மகள் கயல்விழி பெங்களூரில் நட்சத்திரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். போன வருஷம் வேதாரண்யம் பக்கத்திலிருந்து, விவசாயக் குடும்பத்தில், ஒரு நல்ல இடம் வந்தது. பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போயிற்று. பையனின் அப்பாவுக்குத்தான் மனசில் முள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் எதுக்குங்க இந்த நட்சத்திரப் படிப்பு? யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்றார்.

படிப்பை நிறுத்தச் சொன்னால் கல்யாணமே வேண்டாம் என்றாள் கயல். நான் நடுவில் மாட்டிய நெல்மணி மாதிரி அரைபட்டேன்.

அந்த நேரத்தில்தான் போனில் அவள் ஒரு சங்கதி சொன்னாள். வானத்தில் ஒரு நட்சத்திரம், பக்கத்து நட்சத்திரத்தின் சரக்கை உறிஞ்சி உறிஞ்சித் தன்மேல் சேர்த்துக்கொள்ளுமாம். ஏறக்குறைய எண்பது வருஷத்துக்கு ஒருமுறை தாங்காமல் வெடிக்குமாம். (எங்கள் ஊரிலும் அப்படி உறிஞ்சுகிறவர்கள் உண்டு. ஒருத்தரும் வெடித்ததில்லை.) அப்போது, வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் புது நட்சத்திரம் ஒன்று தெரியுமாம்.

"எப்பம்மா வெடிக்கும்?"

"அது எப்பவோ வெடிச்சிருக்கும்ப்பா. ரொம்ப தூரம்ல, வெளிச்சம் இன்னும் வந்துகிட்டிருக்கும். எப்ப வேணாலும் வந்து சேரலாம். இன்னிக்கேகூட."

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. மேட்டூரில் திறந்தாச்சு, தண்ணி வந்துகிட்டிருக்கு! திறந்த தண்ணீர் கல்லணைக்கு எப்போது வரும், எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதா? வெளிச்சம் என்ன, தண்ணீர் என்ன. எப்ப வேணாலும் என்றால் வருகிற சனிக்கிழமையும் அதில் அடக்கம்தானே? உடனே சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டேன்.

"சனிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோட வந்துடுங்க. என் பொண்ணு படிப்பு என்னன்னு கண்ணால பாருங்க!"

மில் களத்தில் பந்தல் போட்டேன். சீரியல் செட், டியூப்லைட், ஜெனரேட்டர், பிரியாணி எல்லாம் ஏற்பாடு. பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு ஃப்ளெக்ஸ்: "புதிய நட்சத்திரமே வருக! வருக!" நட்சத்திரம் மூலையில் பொட்டு மாதிரி இருந்தது. மீதி இடத்தில் நான் கைகூப்பி நின்றேன்.

கயல் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் பார்த்தது அதைத்தான். களத்துக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஊரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் சம்பந்தி வீட்டார்.

"அப்பா, எல்லாரையும் எதைப் பார்க்கக் கூப்பிட்டீங்க?"

"வானத்தைத்தாம்மா."

"மேல பாருங்க."

பார்த்தேன். சிவப்பும் மஞ்சளுமாகப் பந்தல் துணி. நம் ஊரில் விசேஷம் என்றால் முதலில் பந்தல்தானே? வானத்துக்கே விசேஷம் என்றபோதும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

துணியை அவிழ்த்தோம். விளக்குகளை அணைத்தோம். கயல் மேலே கையைக் காட்டினாள்.

"உடைஞ்ச வளையல் மாதிரி அரை வட்டமா நட்சத்திரம் தெரியுதா? அதுக்குப் பக்கத்துல ஒரு வெறும் இடம் இருக்கு பாருங்க. அங்கதான் வரணும்."

"ஒண்ணும் இல்லையேம்மா?" என்றார் ஊர்க்காரர் ஒருத்தர்.

"ஆமாண்ணே. ஒண்ணும் இல்ல."

இருட்டில் ஒரு குரல் வந்தது: "மில்லுக்காரரே, நட்சத்திரம் கும்பகோணத்துல பஸ்ஸ விட்டுடுச்சா?" களமே சிரித்தது.

பையனின் அப்பா சிரிக்கவில்லை. "எப்ப வரும்னு உனக்கே தெரியாதாம்மா?" என்றார்.

"தெரியாதுங்க மாமா."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து, "தேதி வச்சது நான்தாங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். ஊரெல்லாம் ஓயாமல் பேசுகிற வாய் என்ன சொன்னது தெரியுமா?

"இவதாங்க போன்ல சொன்னா, வந்துகிட்டிருக்குன்னு!"

கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். விளக்கை அணைத்தது நல்லதாகப் போயிற்று. என் முகம் யாருக்கும் தெரியவில்லை. மூட்டை தூக்கிய காலத்தில் முதலாளி என்னை அடிக்கச் செருப்பைக் கழற்றியிருக்கிறார். அன்றைக்குக்கூட நான் அத்தனை சிறுத்துப்போனதில்லை.

பையனின் அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அப்ப நாங்க கிளம்புறோம்" என்றார். அவர் மனைவி எழவில்லை. இன்னமும் அந்த வெறும் இடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்த உக்காருங்க," என்றார் அந்த அம்மா. "மேட்டூர்ல தொறந்துட்டான்னு டிவில சொல்றான். நம்ம வாய்க்காலுக்கு என்னிக்கு வரும்னு எவனாச்சும் சொல்றானா? வரும்னு நம்பித்தானே வெதைய தெளிச்சுட்டு மதகுக்கும் வீட்டுக்கும் நடக்குறீங்க? வராத வருஷமும் இருந்துச்சு. வெவசாயத்த விட்டுட்டீங்களா? இந்தப் பொண்ணு பாக்குறதும் கடைமடை வெவசாயம்தான். படிக்கட்டும்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். "அந்த அரை வளையல் எங்கம்மா இருக்கு? இன்னொரு தடவ காட்டு" என்றார்.

நான் போட்ட அதே மேட்டூர்க் கணக்குத்தான். ஆனால் பாபநாசத்துக்குத் தண்ணீர் சீக்கிரமே வந்துவிடும். கடைசி வாய்க்கால்காரர்களான அவர்களைப்போலக் காத்துக்கிடக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

கல்யாணம் நடந்தது. கயல் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அன்று என்னைத் திரும்பிப் பார்த்ததோடு விட்டவள், கல்யாணப் பந்தியில் எனக்கு லட்டு வைக்கும்போது, "இதுவும் நான் சொன்னதுதானாப்பா?" என்று கேட்டாள். ஃப்ளெக்ஸ் இப்போது தவிட்டு மூட்டைகளை மூடிக் கிடக்கிறது. எங்கள் வீட்டில் காஸ் சிலிண்டர் வரத் தாமதமானால்கூட, "அப்பாவோட நட்சத்திரம் மாதிரி வந்துகிட்டிருக்கு" என்கிறார்கள்.

இதை எழுதுகிறவரைக்கும் அது வந்து சேரவில்லை. சம்பந்தி மட்டும் விடாமல் சாயங்காலத்தில் போன் போடுகிறார்.

"என்ன சம்பந்தி, தண்ணி வந்துச்சா?"

நான் மொட்டைமாடிக்கு ஏறி, வளையல் பக்கத்தில் நன்றாகப் பார்த்துவிட்டு, "இன்னும் இல்லீங்க" என்கிறேன்.

கூட்டாமல் குறைக்காமல் நான் பேசுகிற பேச்சு அது ஒன்றுதான்.