எட்டு மணி நேரம் இருக்கிறது

ஹாங்காங்கிலிருந்து மணிலாவுக்கு ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். இந்தக் கணக்கை நம்பித்தான் நான் நாசமாய்ப் போனேன்.

என் மனைவி பெர்லித்தா ஆறு வருடமாக ஹாங்காங்கில் யார் வீட்டுப் பிள்ளைகளையோ வளர்க்கிறாள். நான் இங்கே பிலிப்பைன்ஸில், குமாக்கா என்ற ஊரில் சேவல் வளர்க்கிறேன். சண்டைச் சேவல். பெயர் கர்னல். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோதே அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அடுத்த தடவை வர்றப்ப வீட்ல சேவல் இல்லேன்னா இங்கேயே இருந்துடறேன். இருந்துச்சுன்னா இன்னும் ரெண்டு வருஷ வேலைக்கு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவேன்."

மாதா படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். மூன்று நாள் காப்பாற்றினேன்.

ஆனால் நான் முட்டாள் இல்லை. விமானம் ஏறும் முன் அவள் போன் செய்வது வழக்கம். பறக்க இரண்டேகால், பெட்டிக்குக் காத்திருக்க முக்கால், மணிலாவிலிருந்து பஸ்ஸில் ஐந்து. ஆக எட்டு மணி நேரம்! அதற்குள் ஒரு எருமை மந்தையையே ஒளித்து வைக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை, மழை கொட்டும்போது போன் வந்தது.

"என்னங்க, ப்ளேன் ஏறப் போறேன்."

"வா வா! உனக்காகத்தான் உசிரைக் கையில புடிச்சுட்டு இருக்கேன்."

"அங்க ஏதோ சேவல் கூவுற மாதிரி இருக்கே?"

"இங்கயா? பக்கத்துல திவினா அக்கா வீட்டுதா இருக்கும்."

"ஓஹோ. எனக்கு இந்தக் காதுலயும் கேக்குது, அந்தக் காதுலயும் கேக்குதுங்க."

"ஏர்போர்ட் இரைச்சல்ல அப்படித்தான் கேக்கும். பத்திரமா வா."

குடையைப் பிடித்துக்கொண்டே கூண்டைப் பிரித்தேன். எச்சத்தைச் சுரண்டினேன். சோள மூட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். ஆறு வருடமாக ஒற்றைத் தட்டில் சாப்பிடுகிறவன் நான். அவள் தங்க வேண்டும் என்று உண்மையாகவே ஏங்கினேன். கர்னலும் தங்க வேண்டும் என்று நினைத்ததுதான் தப்பு.

மத்தியானம் கர்னலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு திவினா அக்கா வீட்டுக்கு ஓடினேன். இந்தத் தெருவிலேயே ரகசியம் காக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கதவைத் தட்டினேன்.

திறந்தது பெர்லித்தா. கையில் காப்பிக் கோப்பை.

"வாங்க" என்றாள்.

"நீ... ப்ளேன்ல..."

"நேத்து சாயங்காலமே வந்துட்டேன். இந்த ஜன்னல்ல நின்னுதான் போன் பண்ணேன். நீங்க குடை புடிச்சுக் கூண்டு பிரிச்சதையும் பார்த்தேன்."

உள்ளேயிருந்து திவினா அக்காவின் குரல் வந்தது. "ரெண்டு நிமிஷ நடைக்கு எட்டு மணி நேரம் போட்டுட்டியேடா, நார்சிசோ!"

என் சட்டைக்குள்ளிருந்து கர்னல் கம்பீரமாகக் கூவினான்.

பெர்லித்தா பையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். "போடாமலே திருப்பி அனுப்பிடலாம்னுதான் கொண்டு வந்தேன்" என்றாள். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டாள்.

"பெர்லி, வேண்டாம்மா! இப்பவே இவன் கழுத்தைத் திருகி, இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்க வெச்சுடறேன்!"

அவள் கர்னலின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"விடுங்க. ரெண்டு வருஷம் தனியா இருக்கப் போறீங்க, ஒரு துணை வேணுமில்ல?"