மாமனார் சட்டையில் ஒரு பாட்டில் சோடா

கூச்சப்படுகிறவன் கையில் கேஸ் சிலிண்டரைக் கொடுக்கக் கூடாது. வாயால் பேச வேண்டியதையெல்லாம் அவன் அதில் திறந்து விடுவான். நான் விட்டிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் என் அக்கா கோலி சோடா போட்டு விற்றாள். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மிஷினில் பூட்டி, கேஸைத் திறந்து சக்கரத்தைச் சுற்ற வேண்டும். கொல்லிமலையிலிருந்து இறங்குகிறவர்கள் அக்கா சோடாவுக்காகப் பஸ்ஸையே விட்டுவிடுவார்கள். நான் பாட்டில் கழுவுவேன். (மீதி நேரம் எருமை மேய்ப்பேன். எருமைகளிடம் எனக்குக் கூச்சமில்லை.)

அந்தச் சித்திரையில் ராசிபுரத்திலிருந்து பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி, மனசுக்குப் பிடிக்கிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். குடித்தால் சம்மதம். ஏற்கெனவே இரண்டு இடத்துக்காரர்கள், "பையன் பேசுவானுங்களா?" என்று கேட்டுவிட்டு, வறண்ட வாயோடு போயிருந்தார்கள். இந்தப் பெண்ணை நான் சந்தையில் ஒருமுறை பார்த்திருந்தேன். இவர்களும் அப்படிப் போய்விடக் கூடாது.

எனக்குப் பதிலாகச் சோடா பேசட்டும் என்று கொட்டகைக்குள் நுழைந்தேன். அக்கா ஈரச்சாக்கு சுற்றி வைத்த பானைத் தண்ணீர் வீட்டுக்குள் இருந்தது. அதை எடுக்க ஒன்பது விருந்தாளிகளைத் தாண்டிப் போக வேண்டும். என்னால் முடியுமா? வெயிலில் கிடந்த டிரம்மில் மொண்டுகொண்டேன். தண்ணீர் சூடுதான். அதனாலென்ன, கேஸை இரண்டு மடங்கு விட்டால் சரியாகிவிடும். (எட்டாம் வகுப்பிலேயே கணக்கில் நான் பெயில்.)

பாட்டிலைப் போட்டு எடுத்த நேரம் பெண்ணின் அப்பா காலாற நடந்து கொட்டகைப் பக்கம் வந்தார். பாட்டிலை நீட்டினேன்.

"எதுவும் வேண்டாமுங்க தம்பி."

'குடிங்க மாமா' என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவர் முகத்துக்கு நேரே கோலியை அமுக்கினேன்.

சோடா முதலில் கூரை ஓட்டுக்குப் போனது. அங்கிருந்து அவர் மீசை வழியாகக் கஞ்சி போட்ட சட்டைக்கு இறங்கியது. அவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் கொஞ்சம் தண்ணீர், ஒரு குமிழி இல்லை.

"கேஸெல்லாம் என் சட்டையிலதான் இருக்குதாட்டம் தெரியுது" என்றார்.

சத்தம் கேட்டு ஓடி வந்த அக்கா பாட்டிலைத் தொட்டாள். "ஏஞ்சாமி, சுடுதண்ணியில கேஸ் நிக்குமா?"

திட்டவில்லை. பானைத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினாள். கேஸைக் கொஞ்சமாகத் திறந்து, காதை மிஷின் பக்கம் சாய்த்தபடி நிதானமாகச் சுற்றினாள்.

"இத்தனூண்டு கேஸு போதுமாம்மா?" என்று அவர் சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"தண்ணி குளுந்திருந்தா அதுவே வாங்கிக்குமுங்க. நாம திணிக்க வேண்டியதில்லீங்க."

சுற்றும் சத்தத்தில் ஏதோ மாறியிருக்க வேண்டும். அக்காவுக்கு மட்டும் அது கேட்டது, கையை நிறுத்தினாள். பாட்டிலை ஈர மணலில் சற்று நேரம் கிடத்தினாள். பிறகு திறந்தபோது சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். ஊசி முனைக் குமிழிகள் வரிசையாக மேலே வந்துகொண்டே இருந்தன. வழக்கம் தெரிந்தவள், குடிக்கச் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எடுத்துக் கடைசி சொட்டு வரை குடித்தார். வீட்டுக்குள் பார்த்து, "எல்லாரும் வந்து ஆளுக்கொண்ணு குடிங்க" என்றார்.

இன்றைக்கும் வீட்டில் யாராவது சோடா உடைத்தால் என் மனைவி என்னை ஓரமாக நிற்க வைத்துவிடுவாள். "எங்கப்பா உங்களைப் பார்த்தா சரின்னாரு? உங்கக்காளைப் பார்த்துச் சொன்னாருங்க" என்பாள்.

நான் மறுத்துப் பேசுவதில்லை. அன்றைக்கு அக்கா போட்ட சோடாவில் எனக்கும் ஒன்று கிடைத்தது. குடித்துப் பார்த்தவன் நான், அவள் சொல்வது சரிதான்.